டிஸ்க் பிளானர் வாங்கலாமா வேணாமா, வாங்கினா எப்படி செட் பண்றது

டிக்டாக்ல வர்ற அந்த வட்டம் வட்டமா பிளாஸ்திக் மாட்டின பிளானர் இருக்குல்ல, அத பத்தி கேக்கறவங்க இப்ப ரொம்ப ஜாஸ்தியாயிட்டாங்க. என் தையல் மிஷின் பக்கத்துல எப்பவும் ஒண்ணு கிடக்கும், பிளவுஸ் அளவு கொடுக்க வர்றவங்க உக்காந்த உடனே அதத்தான் எடுத்து புரட்டறாங்க, அப்புறம் "அக்கா இது எங்க வாங்கினீங்க, எவ்ளோ, நானும் வாங்கட்டுமா"ன்னு ஆரம்பிச்சிடறாங்க, அளவு எடுக்கற வேலை அப்படியே நின்னு போயிடுது. அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிடலாம்னு. நான் இருக்கறது மலேசியால கெடா மாநிலம், பீடோங். இங்க ஃபோட்டோஸ்டேட் கடை உண்டு, பெரிய ஸ்டேஷனரி கடைக்கு சுங்கை பட்டாணி போகணும், மிச்சத்துக்கு ஆன்லைன்ல ஷோப்பி. அதுக்கு தோதாதான் எல்லாம் சொல்றேன்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கோங்க, இல்லன்னா கண்ணுக்கு அழகா இருக்குன்னு வாங்கிட்டு அலமாரில போட்டுடுவீங்க. கம்பியும் கிடையாது தையலும் கிடையாது, ஓரத்துல தனித்தனியா டிஸ்க் நிக்கும், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் விளிம்பு கொஞ்சம் தடிப்பா இருக்கும், உள்ள பள்ளம். தாளோட ஓரத்துல காளான் வடிவத்துல ஓட்டை, ஓரத்த தொடற இடத்துல வாய் குறுகல், உள்ள அகலம். அந்த குறுகின வாய்தான் டிஸ்க்கோட தடிப்ப கவ்விப் பிடிச்சிருக்கு. அதனால எந்த தாளையும் எப்ப வேணும்னாலும் உருவி எடுத்து வேற இடத்துல அமுக்கி மாட்டலாம், எதையும் திறக்க வேணாம். புது கண்டுபிடிப்புன்னு நினைக்காதீங்க, 1948ல பெல்ஜியத்துல ஆந்த்ரே தோமாஸ், ஆந்த்ரே மார்ட்டின்னு ரெண்டு பேர் செஞ்சது, அட்டோமாங்கற பேர்ல இன்னிக்கும் வருது. அப்புறம் அமெரிக்காக்காரங்க சர்க்கா, ஆர்க், ஹேப்பி பிளானர்னு ஆளுக்கொரு பேர் வச்சி விக்கறாங்க, அடிப்படை எல்லாம் ஒண்ணுதான்.

படி 1: உங்களுக்கு இது வேணுமான்னு பாருங்க

தாள் இடம் மாறும், இதுக்கு இருக்கற பெரிய பலமே அதுதான். மத்தபடி ஸ்டிக்கர், பகுதி பிரிக்க கலர் கலரா வைக்கற டிவைடர் எல்லாம் எந்த புத்தகத்துலயும் ஒட்டலாம். ஒரு தடவ எழுதின தாள திரும்ப திரும்ப வேற வேற இடத்துக்கு மாத்தற வேலை உங்ககிட்ட இருக்கா? இருந்தா வாங்குங்க.

என் வேலைய சொல்றேன். ஒரு ஆளுக்கு ஒரு தாள். முன்பக்கம் அளவு, கழுத்து டிசைன், கொடுக்க வேண்டிய தேதி. பின்பக்கம் துணில ஒரு சின்ன துண்டு வெட்டி ஒட்டிடுவேன், லைனிங் வாங்க போறப்ப கலர் பாக்கறதுக்கு. பிளானர்ல நாலு பகுதி: துணி வந்தது, வெட்டினது, தைக்கறது, ஹூக் வச்சி கொடுக்க வேண்டியது. வேலை நகர நகர தாளும் பின்னால நகரும். தீபாவளி சமயத்துல ஒரு நாளைக்கு இத்தன பேர்னு ஆர்டர் குவியறப்ப, பிளானர திறந்தா "வெட்டினது" பகுதி தடிமனா இருந்தா இன்னிக்கு மிஷின்ல உக்காரணும், "கொடுக்க வேண்டியது" தடிமனா இருந்தா ஃபோன் போட்டு வந்து எடுத்துட்டு போங்கன்னு சொல்லணும், அவ்ளோதான், எண்ணிப் பாக்கவே வேணாம். கொடுத்து முடிச்ச தாள தூக்கிப் போடறதில்ல, பேர் வரிசைப்படி இன்னொரு டிஸ்க் செட்ல போயிடும். அடுத்த வருஷம் அதே அக்கா வந்தா அந்த தாள உருவி முன்னால மாட்டி, பழைய அளவ அடிச்சிட்டு பக்கத்துல புது அளவ எழுதினா முடிஞ்சது (உடம்பு போட்டுட்டேன்னு சொல்றவங்கள விட போடலன்னு சொல்றவங்களுக்குத்தான் டேப் வச்சி பாக்கணும், அது வேற கதை).

தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, கேட்டரிங் எடுக்கறவங்க, கோயில் திருவிழா வேலைய பிரிச்சி கொடுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் நல்லா உதவும்.

யாருக்கு வேணாம்? தினமும் டைரி எழுதறவங்களுக்கு வேணாம், தேதி தானா வரிசையா போகுது, எதுக்கு மாத்தணும். கடன் கணக்கு எழுதறவங்களுக்கு வேணவே வேணாம். கழண்டு வர்ற தாள்ல கொடுத்தது வாங்கினது எழுதி வச்சா, நாளைக்கு ஒரு தாள் காணோம்னா யாரு பதில் சொல்றது? தோட்டத்து கடைங்கள்ல அந்தக் காலத்துல இருந்து 555னு பேர் போட்ட சின்ன கணக்கு நோட்டுல எழுதறாங்களே, அதுல ஒரு பக்கம் கிழிச்சா கிழிச்சது தெரியும். கணக்குக்கு அதான் சரி, விலையும் மலிவு.

படி 2: சைஸ்

கண்ண மூடிட்டு ஏ5 எடுங்க. காரணம் இருக்கு. ஆன்லைன்ல வர்ற அமெரிக்க பிளானர்ல ஜூனியர்னு ஒரு சைஸ் இருக்கும், அது ஐந்தரைக்கு எட்டரை இஞ்ச், பாக்க ஏ5 மாதிரியே இருக்கும் ஆனா ஏ5 இல்ல. நம்ம ஏ5 தாள் 148க்கு 210 மில்லிமீட்டர், அந்த ஜூனியர் அட்டைக்குள்ள போட்டா பக்கவாட்டுல 8 மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், மேல கீழ 6 மில்லிமீட்டர் குறையும். ஹேப்பி பிளானர்ல கிளாசிக்னு சொல்றது 7க்கு 9.25 இஞ்ச், அதுக்கு தாள் வேணும்னா ஒரு ஏ4ல ஒண்ணுதான் வெட்ட முடியும், மிச்சமெல்லாம் குப்பைக்கு. ஏ5ன்னா ஏ4அ நடுவுல ஒரே வெட்டு. 500 தாள் இருக்கற ஒரு ரிம் ஏ4 வாங்கி ஃபோட்டோஸ்டேட் கடைல பெரிய கட்டர் இருந்தா பாதியா வெட்டி கேளுங்க, 1000 தாள் கிடைச்சிடும், வருஷக் கணக்குக்கு ஓடும்.

படி 3: டிஸ்க்

ஏ5க்கு 8 டிஸ்க் வேணும். ஹேப்பி பிளானர் கிளாசிக்ல 9, பெருசுல 11, மினில 7, அதனால பாக்கெட்ல எத்தன இருக்குன்னு பாத்து வாங்குங்க. விட்டம் 1 இஞ்ச் போதும், 80 ஜிஎஸ்எம் (தாளோட கனத்த சொல்ற அளவு) தாள் நூறு கிட்ட பிடிக்கும், ஆனா நூறையும் திணிக்காதீங்க, முக்கால்வாசி போட்டாதான் பக்கம் லேசா புரளும். ஒன்றரை இஞ்ச்சுக்கு மேல போனா எழுதறப்ப கை போய் டிஸ்க்ல இடிச்சிக்கிட்டே இருக்கும். அலுமினியம் டிஸ்க் பாக்க நல்லா பளபளன்னு இருக்கு, கனமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, முதல் தடவைக்கு பிளாஸ்திக்கே எடுங்க.

படி 4: தாள், பஞ்ச்

செலவு வர்றதே இங்கதான். டிஸ்க் மலிவு, தாள் மலிவு, அந்த காளான் ஓட்டை போடற பஞ்ச்தான் விலை. சாதாரண ரெண்டு ஓட்டை பஞ்ச் உதவாது. ஒவ்வொரு ஓட்டையா போடற குட்டி பஞ்ச் மலிவா விக்கறாங்க, அத வாங்காதீங்க, எட்டு ஓட்டையும் ஒரே இடைவெளில விழாது, ஒண்ணு தள்ளிப் போனாலும் தாள் சுருங்கிக்கிட்டு மாட்டும். மொத்தமா ஒரே அமுக்குல போடறதுதான் வேணும்.

பஞ்ச் வந்த உடனே நல்ல தாள வைக்காதீங்க. கடைல வாங்கின ஓட்டை போட்ட ஏ5 தாள் ஒண்ண எடுத்து பஞ்ச் பல்லு மேல பொருத்தி, தாள் எங்க முட்டணுமோ அங்க சைடுல இருக்கற கைடை நகர்த்தி வைங்க, பழைய பேப்பர்ல ஒண்ணு குத்தி ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சி லைட்டுக்கு நேரா பாருங்க, ஓட்டை மேல ஓட்டை சரியா உக்காந்தா மார்க்கர்ல கைட் இடத்துல ஒரு கோடு போட்டுடுங்க. ஒரு தடவைக்கு மூணு நாலு தாள், அதுக்கு மேல வச்சா ஓரம் பிசிறும்.

தாள் 80 ஜிஎஸ்எம் ஓகேதான், ஆனா அடிக்கடி மாத்தற தாளுக்கு 100 இல்ல 120 போடுங்க. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல நிக்கற தாள் துண்ட நான் காதுன்னு சொல்வேன், மாட்டி மாட்டி எடுக்கறப்ப அந்த காதுதான் முதல்ல மடங்கும், அப்புறம் கிழியும். மெல்லிசு தாள்னா சீக்கிரம். என் அளவு தாளுக்கெல்லாம் ஓரத்துல தெளிவான டேப் ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு அதுக்கப்புறம்தான் பஞ்ச் பண்றேன், இந்த வரிசை முக்கியம், ஓட்டை போட்டுட்டு டேப் ஒட்டினா ஒவ்வொரு ஓட்டையா வெட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

படி 5: அட்டை

லேமினேட் பண்ணாதீங்க. எல்லாரும் அததான் சொல்றாங்க, ஆனா பஞ்ச் பண்ணின இடத்துல லேமினேட் திறந்துடும், நம்ம ஊரு ஈரத்துக்கு அங்கருந்து உரியும். ஸ்கூல் சாமான் விக்கற கடைல பிளாஸ்திக் ஃபைல் கிடைக்கும்ல, அந்த அட்டைய தாள விட 4, 5 மில்லிமீட்டர் பெருசா வெட்டி ஓட்டை போட்டா முடிஞ்சது, தண்ணி பட்டாலும் துடைச்சிக்கலாம். டிவைடர்ல பேர் எழுத ஓரத்துல ஒரு துண்டு வெளிய நீட்டற மாதிரி வச்சிருந்தா அட்டைய இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுங்க.

படி 6: மாட்டறது, எடுக்கறது

மாட்டறப்ப மேல் டிஸ்க்ல முதல் ஓட்டைய வச்சி, கட்டவிரலால ஒண்ணொண்ணா கீழ வரைக்கும் அமுக்கிட்டு வாங்க. லேசா ஒரு சத்தம் கேக்கும். எடுக்கறப்ப தாளோட நடுவ பிடிச்சி இழுக்கவே கூடாது, டிஸ்க்குக்கு பக்கத்துல மேல் மூலைய பிடிச்சி சாய்வா மெதுவா உரிச்சா ஒண்ணு ஒண்ணா கழண்டு வரும். பத்து தாள ஒட்டுமொத்தமா எடுக்காதீங்க, ரெண்டு மூணா எடுங்க.

படி 7: வாரப் பக்கம்

தேதி அச்சடிச்ச பிளானர் நமக்கு சரிப்படாது. வெளிநாட்டுல இருந்து வர்றது முக்காவாசி திங்கள்ல ஆரம்பிக்கும், சனி ஞாயிறுக்கு ஓரமா சின்ன கட்டம் கொடுத்திருப்பான். கெடால நமக்கு லீவே வெள்ளி சனி, ஞாயித்துக்கிழமை புள்ளைங்களுக்கு ஸ்கூல். கிளந்தான், திரெங்கானுவும் இப்படித்தான், ஜோகூர் மட்டும் 2025 ஜனவரி 1ல இருந்து சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு. அது பத்தாதுன்னு வீட்டுக்காரர் பக்கத்து மாநிலம் பினாங்குல, பிறைங்கற ஊர்ல வேலை செஞ்சா அவருக்கு சனி ஞாயிறு லீவு, ஃபேக்டரில ஷிஃப்ட்னா கிழமையே கிடையாது. அதனால தேதி இல்லாத பக்கமா எடுங்க, இல்ல ரூலர் வச்சி நீங்களே ஒண்ணு போட்டு ஃபோட்டோஸ்டேட் எடுத்துக்கோங்க: ஞாயிறு முதல்ல, ஏழு நாளுக்கும் ஒரே அளவு கட்டம், கீழ ஒரு வரி ஷிஃப்ட் எழுத. இணையத்துல இலவசமா கிடைக்கற அமெரிக்க டிசைன பிரிண்ட் பண்றதா இருந்தா பிரிண்டர்ல பேப்பர் சைஸ் ஏ5ன்னு மாத்தி, ஃபிட் டு பேஜ் வச்சி அடிங்க, டிஸ்க் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் காலி இருக்கான்னு பாத்துட்டு அடிங்க, இல்லன்னா ஞாயித்துக்கிழமை பாதி ஓட்டைல போயிடும்.

இனி தொல்லைங்கள சொல்லிடறேன். பூட்டு கிடையாது. பைக்குள்ள சாவிக்கொத்துல மாட்டி இழுத்தா தாள் கழண்டு வரும், மோட்டர் சைக்கிள் கூடைல அப்படியே போட்டு ஓட்டினா வீடு வர்றதுக்குள்ள டிஸ்க் ரெண்டு கழண்டிருக்கும், ஜிப் வச்ச பைல போட்டுத்தான் எடுத்துட்டு போகணும். சாயங்கால மழைல காத்து ஈரமாச்சுன்னா காது எல்லாம் தொளதொளன்னு ஆயிடும். வலது கைக்காரங்களுக்கு இடது பக்க தாள்ல வரி முடியற இடத்துல டிஸ்க் இடிக்கும், அட்டைய முழுசா பின்னால மடக்கினாலும் அந்த பக்கத்துக்கு டிஸ்க் வலது கை பக்கம்தான் இருக்கும், தப்பிக்க வழியில்ல, நான் முன்பக்கம் மட்டும் எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம். ரிங் ஃபைல் இந்த விஷயத்துல கெட்டி, தாள் தானா கழண்டு வராது, பஞ்ச்சும் மலிவு, ஆனா பின்னால மடிக்க முடியாது, மிஷின் மேல ரெண்டு பங்கு இடம் அடைச்சிக்கும். ரொம்ப வெளிய எடுத்துட்டு போறவங்க ரிங்குக்கே போங்க, ஒரே மேஜைல உக்காந்து வேலை செய்யறவங்களுக்குத்தான் டிஸ்க்.

வாங்கறதுன்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல கூடைல போடாதீங்க. முதல்ல 8 டிஸ்க், ஓட்டை போட்ட ஏ5 தாள் ஒரு கட்டு, பழைய ஃபைல் அட்டை, அவ்ளோதான். தாள் தீர்ற வரைக்கும் உபயோகிச்சி பாருங்க, நடுவுல ஒரு தாளையாவது இடம் மாத்தினீங்களான்னு கவனிங்க, மாத்தவே இல்லன்னா பஞ்ச் காசு மிச்சம். மாத்தினீங்கன்னா நாலு பேர் சேந்து ஒரு பஞ்ச் வாங்குங்க, தினமும் தேவைப்படற சாமான் இல்ல அது. பீடோங் பக்கம் இருக்கறவங்க என்கிட்ட வந்தே குத்திக்கிட்டு போகலாம், தாள் மட்டும் நீங்க கொண்டு வாங்க, தீபாவளிக்கு முந்தின மாசம் மட்டும் வந்துடாதீங்க லா.