பாப்பாவுக்கு ஒரு குரோஷே முயல்
கைக்குழந்தை எந்தப் பொம்மையையும் முதலில் வாயில்தான் வைக்கும், அதனால் முடி உதிரும் கம்பளி வேண்டாம், பருத்தி நூலும் 2.5 மி.மீ. குரோஷே கொக்கி ஊசியும் போதும். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (அடிப்படையான சிறு பின்னல் கண்ணி), அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12, அப்புறம் சுற்றுக்கு 6 கூட்டி 36 வரை போய், ஏழெட்டு சுற்று கூட்டாமல் பின்னி, அதே கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து, திறப்பு மூடுவதற்குள் பஞ்சை அடைத்தால் தலை தயார். இறுக்கிப் பின்னுங்கள், தளர்ந்தால் பஞ்சு எட்டிப் பார்க்கும். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டி தட்டும், பாலியஸ்டர் பஞ்சே நல்லது. கண்ணுக்கு மணியோ பட்டனோ கூடவே கூடாது, கறுப்பு நூலால் தையுங்கள். தனியாகப் பின்னிய காதுகளைத் தலையோடு இரண்டு முறை சுற்றித் தைத்து, பலமாக இழுத்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.