சிறுநீரக நோயாளியின் காலில் வீக்கமா? பேனாவை எடுங்கள்

சிறுநீரகம் பழுதானவரின் தோலில் கிருமி புகுந்தால் காய்ச்சலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடும். கால் கொதிக்கும்போதும் வெப்பமானி 37-ஐ ஒட்டியே நிற்கலாம். நம் நிறத்தில் சிவப்பும் சட்டென்று தெரியாது. தோல் பளபளக்கிறதா, வழக்கத்தைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். புறங்கையால் இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டால் வித்தியாசம் புரியும். இரண்டும் ஒன்றுபோல வீங்கியிருந்தால் பெரும்பாலும் உடலில் சேர்ந்த நீர்தான். ஒரு கால் மட்டும் என்றால் கிருமித்தொற்றோ ரத்தக்கட்டோ இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கிளம்புமுன், வீங்கிச் சுடும் இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிப் படம் எடுத்துவையுங்கள். மஞ்சள் பற்று வேண்டாம், அது நிறத்தை மறைத்துவிடும். கோடாலித் தைலமும் வேண்டாம். மருந்து தொடங்கிய முதல் நாள் வீக்கம் கோட்டைச் சற்றுத் தாண்டுவதுண்டு. 48 மணி நேரமாகியும் அடங்காவிட்டால் திரும்பிப் போங்கள். ஆனால் பார்வைக்குச் சிறிதாக இருந்தும் வலி தாங்க முடியவில்லை, ஊதாக் கொப்புளம் எழுகிறது, குளிர் நடுக்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். சதையை அழுகவைக்கும் தொற்று மணிக்கணக்கில் பரவும்.

பலதுறை மருந்தகமோ பேட்டைக்குள் இருக்கும் மருந்தகமோ, உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியவை: சிறுநீரகம் எந்த நிலையில் உள்ளது, டயாலிசிஸ் எந்தெந்த நாள், கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு. செஃபலெக்சின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் சிறுநீர் வழியே வெளியேறுபவை. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் உடலில் தேங்கிக் குழப்பம், கைகால் வெட்டி இழுப்பு வரை கொண்டுபோகும். கோ-ட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். டயாலிசிஸ் சில மருந்துகளைக் கழுவிவிடும் என்பதால், அந்த நாளில் மருந்தை எப்போது போடுவது என்று கேளுங்கள். பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகுதான். போன தடவை மீந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பொன்ஸ்டான், வோல்ட்டரன், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயலையும் பறிக்கும். 'நிறையத் தண்ணீர் குடி' என்று உறவினர் சொல்லும் அறிவுரை, தண்ணீருக்கு அளவு போட்டவருக்குப் பொருந்தாது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது பலன் தரும்.

டயாலிசிஸ் ஊசி ஏறும் கையில் சீழ், சூடு, புது வலி இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். கழுத்திலோ மார்பிலோ குழாய் இருந்தால் அங்கே ஈரம் படக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது நடுக்கம் வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும்.

பல தொற்றுகளுக்கு வாசல் சொறிந்த நகம்தான். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத கிரீம் தடவுங்கள். ஈரச்சந்தையில் மீன் வாங்கினால் கடையிலேயே வெட்டிக் கழுவித் தரச் சொல்லுங்கள். வீட்டில்தான் ஆய்வேன் என்பவர் தடித்த கையுறை போடட்டும். கடல்மீன் முள் குத்தினால் உள்ளே போகும் விப்ரியோ கிருமி, சிறுநீரக நோயாளிகளிடம் ஒரே இரவில் கையை ஊதவைத்துவிடும். முள் குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், குத்தியது மீன்முள் என்பதையும் சொல்லுங்கள்.