ஸ்பெக்பூம் ராத்திரியில் என்ன செய்கிறது? வறண்ட நிலத்துச் செடிகளைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள்

டர்பன் பக்கம் நம்மவர்கள் வீடுகளிலும் ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுள்ள செடி சாதாரணம். பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் ஒளிச்சேர்க்கையும் பன்னிரண்டில் பரிணாமமும் படிக்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப்போடும் இடத்தில்தான் குழப்பம் வருகிறது.

சதைப்பற்றுள்ள செடிகள் ராத்திரியில் ஒளிச்சேர்க்கை செய்யும் என்று பலர் சொல்கிறார்கள். வெளிச்சமே இல்லாமல் எப்படிச் செய்யும்? ராத்திரியில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலில் சர்க்கரை செய்யும். கொளுத்தும் பகலில் துளை திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் அல்லவா? இந்த முறைக்கு சி.ஏ.எம். என்று பெயர். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பொழுது ஏற ஏறப் புளிப்பு போய்விடுவதையும் இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன் 1813-லேயே எழுதிவைத்தார். அதற்காக நீங்கள் ரணகள்ளியைக் கடித்துப் பார்க்க வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. ஸ்பெக்பூம் இலையைச் சாலட்டிலேயே போடுகிறார்கள், அதை மென்று பார்க்கலாம். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டிச் செடியில் காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஈரம் தாராளமாக இருந்தால் அது பெரும்பாலும் மற்றச் செடிகளைப் போலப் பகலில்தான் வாயு வாங்கும். மண் காய்ந்தால்தான் ராத்திரி முறைக்கு நன்றாக மாறும்.

அடுத்தது கரும்பு. 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களை நேட்டாலுக்குக் கொண்டுவந்த பயிர் அது. கரும்பின் முறை சி4. கரியமில வாயுவை இலையின் உள்செல்களில் அடர்த்தியாகக் குவித்துக் கொடுப்பதால், அந்த வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி தப்பித்தவறி ஆக்ஸிஜனைப் பிடிப்பது குறைகிறது. உஷ்ணத்திலும் நல்ல வெயிலிலும் இது லாபம். செலவாகும் தண்ணீருக்கு விளைச்சலும் அதிகம். அதை வைத்துக் கரும்பை வறட்சிப் பயிர் என்று முடிவுகட்டினால் கரும்பு விவசாயிகள் சிரிப்பார்கள். அதற்கு மழை நிறைய வேண்டும்.

பகலில் வாயுவை வாங்கி நேராகவே பயன்படுத்தும் பழைய முறையான சி3 தோற்றுவிட்டது, சி4-உம் சி.ஏ.எம்.-உம் மேல்படிகள் என்று நினைப்பதும் சரியில்லை. உலகின் பெரும்பாலான செடிகள் இன்றும் சி3தான். சி4 தனித்தனியாக 60 தடவைக்கு மேல் தோன்றியிருக்கிறது. திருகுக்கள்ளியைப் பாருங்கள்: சீக்கிரமே உதிர்ந்துவிடும் குட்டி இலைகளில் சி3, பச்சைத் தண்டில் சி.ஏ.எம். ஒரே செடிக்குள்ளேயே இரண்டும். தேவைப்பட்டதால் செடி மாறிக்கொண்டது என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. செடிகளுக்குள் மாறுபாடு முதலில் தற்செயலாக வருகிறது, ஒத்துவராததை வறட்சி பிறகு வடிகட்டுகிறது.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு: ராத்திரி முறை கிடைத்ததால் புதுப்புது இனங்கள் தாமாகவே பெருகின என்பது. தென்னாப்பிரிக்காவின் மேற்கில், குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மழை பெய்யும் சக்குலென்ட் கரூ பகுதியில், ஐசோயேசி என்ற செடிக் குடும்பத்தின் ஒரு கிளை மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பெருக்கம் நடந்தது கடந்த 40 முதல் 90 லட்சம் ஆண்டுகளுக்குள். பரிணாமத்தில் இது மின்னல் வேகம். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஒளிச்சேர்க்கை அங்கே பிழைத்திருக்க உதவியது, சந்தேகமில்லை. ஆனால் 2004-ல் இந்தப் பெருக்கத்தைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் காரணமாக முன்வைத்தது உருண்டும் முக்கோணமாகவும் தடித்த இலைகளையும், தண்ணீர் வற்றினாலும் நசுங்காத விசேஷ நீர்க்குழாய்ச் செல்களையும்.

மண்ணுக்கும் பங்குண்டு. அந்தப் பகுதியிலுள்ள க்னெர்ஸ்ஃப்ளாக்டெ சமவெளியில் வெள்ளைப் படிகக்கற்கள் பரவிய தரையில் கட்டைவிரல் உயரச் செடிகள் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும். சில காலடி தள்ளி, கல் இல்லாத மண்ணில், வேறு இனங்கள். அப்புறம் விதை. இந்தச் செடிகளின் காய்ந்த காய் நனைந்தால்தான் திறக்கும். மழைத்துளி தெறித்து விதைகளை வெளியே தள்ளும். பெரும்பாலானவை தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழுவதால், ஒரு திட்டில் இருக்கும் செடிகள் அடுத்த திட்டோடு அவ்வளவாகக் கலப்பதில்லை. தனித்தனி இனங்களாகப் பிரிய அதுவும் வழிவிடுகிறது.