சுடுமண் யாளித் தலை: முழி வெடிக்காமல் செய்வது எப்படி?

யாளி என்பது கோயில் தூண்களில் நிற்கும் கற்பனை மிருகம். நான் மண்ணில் செய்த முதல் யாளியின் வலது கண் சூளைக்குள்ளேயே வெடித்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த, சூளைக்குச் சொந்தக்காரரான வேளார் (குயவர்) வீட்டு அகல் விளக்குகளில் ஏழெட்டும் சேர்ந்து போச்சு. அன்றைக்கு நான் வாங்கிய ஏச்சு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மண்: விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ பிசைந்த மண்ணாகவே கேட்டுப் பாருங்கள். நாலு பங்குக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து மிதியுங்கள். கிராஃப்ட் கடையில் விற்கும், காற்றிலேயே காயும் 'க்ளே'யைச் சூளைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தலை: செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி, மேலே ஒரு செ.மீ. கனத்துக்கு மண் போர்த்துங்கள். கழுத்தடி திறந்தே இருக்கட்டும். முகத்துக்கு மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றினால் போதும். பிதுங்கிய முழி, கோரைப்பல், துதிக்கை எல்லாம் வரிசையாக நிற்கும்.

இனி கண். எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து அப்படியே ஒட்டினேன், அதுதான் தப்பு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகி, போக வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். உருண்டைக்குப் பதில் சின்னச் சிரட்டை மாதிரி கிண்ணம் பிடியுங்கள். முகத்தில் கண் வரும் இடத்தில் விரல் நுழையும் ஓட்டை போட்டு, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டுங்கள். கண்ணுக்குள் இருக்கும் ஆவி தலைக்குள் இறங்கிக் கழுத்து வழியாகப் போய்விடும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் கீறி, மண்கூழ் தடவ மறக்காதீர்கள். கீறுவதற்கு உடைந்த ஹாக்ஸா பிளேடு போதும். ஆன்லைனில் வாங்கிய கருவி செட் என் பரணில் தூங்குகிறது.

கோரமான உருவம் என்றாலே உள்ளே பொள்ளல்தான் போல. லண்டனில் 1873-ல் பட்டறை தொடங்கிய மார்ட்டின் சகோதரர்கள் என்ற குயவர்கள் பின்னால் செய்த, நக்கலாகச் சிரிக்கும் களிமண் பறவைகளும் ஜாடிகள்தான், தலையைத் தூக்கினால் மூடி. நம்மூர் ஐயனார் குதிரைக்கும் வயிறு காலி.

காயவைத்தல்: நிழலில், பாலிதீன் மூடி, குறைந்தது பத்து நாள். பல்லும் காதும் முந்திக் காய்ந்து விண்டுவிடும், அவற்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றுங்கள். உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பச்சையில் 12 அங்குலம் இருந்த என் தலை சுட்டபின் 11தான்.

சுடுதல்: ஆரம்பத்தில் தீ லேசாக இருக்கவேண்டும், அதை வேளாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயின்ட் எல்லாம் சுட்ட பிறகு.

பின்சேர்க்கை: கேக் ஓவனில் சுடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முடியாது, மண்ணுக்குச் சுமார் 900 டிகிரி வேண்டும். கழுத்தை மூடிவிட்டேன், இப்போது எங்கே ஓட்டை போடுவது என்று இன்னொருவர். துதிக்கை நுனியில் ஈர்க்குச்சியால் தலைவரைக்கும் குத்துங்கள், மூக்குத் துளை மாதிரியே இருக்கும்.