மதுரையிலிருந்து காரைக்கு: கடல் புதைபடிவம் தேட ஒரு நாள்

யானைமலையிலும் அழகர்மலையிலும் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. மதுரையைச் சுற்றியிருப்பவை நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகள். பூமிக்கடியில் பெரும் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை அல்லது உருகி இறுகியவை. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் பளிங்காக உருமாறிய கல்தான், உள்ளே உயிரின் தடம் எதுவும் மிஞ்சவில்லை. ராமேஸ்வரம், மண்டபம் கரையில் மேலெழுந்து நிற்கும் பழைய பவளப் பாறைகளைக் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். கையில் எடுக்கக் கூடாது. பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, செத்த துண்டானாலும் வம்புதான்.

கடல் புதைபடிவம், அதாவது பாறையில் கல்லாகித் தங்கிய கடல் உயிர்களின் எச்சம், தேட வேண்டுமானால் மதுரைக்காரர்கள் வடக்கே, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குத்தான் போக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்ற ஊர்தான் நாம் போகும் முக்கிய இடம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு முன்பு வரை கடல் பலமுறை ஏறி இறங்கிய நிலம் அது. அன்றைய கடலடிச் சேறும் மணலும் சுண்ணாம்பும் அதிகம் உருமாறாமல் இன்று தரையிலேயே கிடக்கின்றன. 1840களிலேயே இந்தப் பகுதியின் படிவங்கள் ஆய்வுக்காக லண்டனுக்குப் போயின. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவற்றை இனம் இனமாகப் பிரித்து எழுதிவைத்தார். இன்றும் ஆய்வாளர்கள் அந்த வேலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எப்போது, எப்படிப் போவது

ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை களிமண்ணை அரித்துப் புதிய துண்டுகளை வெளியே கொண்டுவந்திருக்கும், வெயிலும் தாங்கும். மழை விட்ட மறுநாளே போகாதீர்கள். காரைக் களிமண் ஈரத்தில் உப்பிப் பிசுபிசுக்கும், காலணியில் அப்பிக்கொண்டு நடக்கவே விடாது, வண்டிச் சக்கரம் புதைந்துவிடும். நான்கைந்து நாள் காயட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தப் பொட்டலில் நிழலே இல்லாததால் வேண்டாம்.

காரில் போவதானால் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். திருச்சி தாண்டி சென்னை சாலையில் பாடாலூர் வரை போய், அங்கே கிழக்கே திரும்பினால் காரை. மதுரையிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஏழு, ஏழரைக்குள் இறங்கிவிடுவது முக்கியம். சாய்ந்த காலை வெயிலில் சிறு துண்டுக்கும் நிழல் விழும், கண்ணில் படும். பதினோரு மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளிறிய நிறமாகத் தெரியும்.

ரயில் என்றால் வைகை எக்ஸ்பிரஸ் அரியலூரில் நிற்கும், மாலையில் அதே வண்டியில் திரும்பலாம். ஆனால் காலை வெளிச்சம் போய்விடும், காரைக்குப் போகவும் நேரம் போதாது. ரயிலில் வருபவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, கல்லங்குறிச்சிப் பக்கம் ஓடைக் கரைகளில் தேடுவதே மேல். முதல்முறை போகிறவர்களுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் மிகவும் பயன்படும். எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

எடுத்துப் போக வேண்டியவை

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் ஷூ. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், பழைய டூத் பிரஷ், மெல்லிய ஓவியத் தூரிகை. ஜிப்லாக் கவர் முப்பது, பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர், அழியாத மார்க்கர், ஒரு நோட்டு. அளவுக்குப் பத்து ரூபாய் நாணயம் போதும், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். ஒவ்வொரு படத்திலும் அதைப் பக்கத்தில் வையுங்கள். ஃபோனுக்கு பவர் பேங்க் அவசியம்.

சுத்தியல் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். காரைக்கு வேண்டாம். அங்கே தேடல் முழுக்க மேற்பரப்பில்தான், வெட்டினால் களிமண்ணோடு சேர்ந்து படிவமும் நொறுங்கும். உதிர்ந்து கிடக்கும் கடினமான சுண்ணாம்புக்கல்லை உடைப்பதானால் மட்டும் ஒரு கிலோவுக்குள் கொத்தனார் சுத்தியலும் உளியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும். கண்ணாடி இல்லாமல் உளியின் தலையில் அடிக்கவே கூடாது, எஃகுச் சில்லு கண்ணுக்குள் பாயும்.

தேடும் முறை

காரையில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். வண்டியைத் தார்ச்சாலையோரம் விட்டு, அந்த இடத்தை ஃபோன் வரைபடத்தில் குறித்துவிட்டு இறங்குங்கள். குறிக்காமல் போனவர்கள் திரும்பும் வழி தெரியாமல் உச்சி வெயிலில் அலைவது வழக்கம்.

ஒரு பள்ளத்தின் வாயில் தொடங்குங்கள். தண்ணீர் மண்ணைக் கொட்டியிருக்கும் இடத்தில், களிமண் கரைந்து போய் கனமான துண்டுகள் தங்கியிருக்கும். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். நடந்துகொண்டே பார்த்தால் எதுவும் தெரியாது. துண்டுகள் கிடைக்கத் தொடங்கியதும் பள்ளத்தில் மெல்ல மேலே ஏறுங்கள். ஒரு மட்டத்துக்கு மேல் துண்டுகள் நின்றுவிட்டால், அவை வந்த படிவு, அதாவது மண் அடுக்கு, அதுதான். அந்த மட்டத்தைப் பிடித்துப் பக்கத்துப் பள்ளங்களுக்குப் போனால் காலை முழுவதும் வேலை இருக்கும். சரிவுகளின் விளிம்பில் நிற்காதீர்கள், வெடித்த களிமண் சட்டென்று சரியும். கல்லைப் புரட்டக் குச்சியைப் பயன்படுத்துங்கள், அடியில் தேள் இருக்கும்.

இங்கே முதலில் கண்ணில் படுபவை பெலம்னைட்டுகள். கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரின் உள்ளோடு, தேன் நிறத்திலோ பழுப்பாகவோ துப்பாக்கித் தோட்டா வடிவில் இருக்கும். அதே தரையில் ஜிப்சம் துண்டுகளும் ஏராளம், புதியவர்கள் பை நிறைய அதைத்தான் அள்ளி வருவார்கள். வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நகத்தால் கீறுங்கள். ஜிப்சத்தில் கோடு விழும், பெலம்னைட்டில் விழாது. பிறகு உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். பெலம்னைட் என்றால் நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து விளிம்பு வரை ஊசி ஊசியாக வரிகள் எல்லாப் பக்கமும் விரிந்திருக்கும். ஜிப்சம் தட்டுத் தட்டாகவோ ஒரே திசையில் ஓடும் நாராகவோ பிளக்கும். முழுத் துண்டாக இருந்தால் பெலம்னைட்டின் ஒரு முனை கூராகவும், மறுமுனையில் கூம்பு வடிவக் குழியும் தெரியும்.

சுண்டுவிரல் நகம் அளவில் சுருண்ட சிறு குழாய்கள் கிடந்தால் அவை ரொட்டுலேரியா, கடற்புழு கட்டிய குழாய். சுருளைப் பார்த்து நத்தை என்று எழுதிவிடாதீர்கள். சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரான அம்மோனைட் முழுதாகக் கிடைப்பது அபூர்வம், வளைந்த விலா வரிகளுள்ள துண்டுகளே அதிகம். சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான் என்பதால் அந்தச் சுருளை அடையாளம் காண்பது நம்மவர்களுக்கு எளிது. பழுப்பு பாஸ்பேட் உருண்டைகளையும் பார்ப்பீர்கள். சிலவற்றுக்குள் அம்மோனைட் இருக்கும், பலவற்றில் ஒன்றும் இருக்காது. உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உருண்டையெல்லாம் டைனோசர் முட்டையும் அல்ல. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படி ஒரு செய்தி பரவியது, பார்த்த நிபுணர்கள் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்றார்கள்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் வேறு காலம், ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. அங்கே கைக்கு அடங்கும் தடித்த, வளைந்த சிப்பி கிரைஃபியா, தட்டையான பெரிய சிப்பி இனோசெராமஸ், அதிர்ஷ்டம் இருந்தால் கடல் முள்ளெலி.

எழுதி வைப்பது

படிவத்தைக் கையில் எடுக்கும் முன் படம் எடுங்கள். ஒரு கவரில் ஒரு இடத்துத் துண்டுகள் மட்டும். கவரின் மேல் எண், தேதி, ஜிபிஎஸ் எண்கள், ஊர்ப் பெயர், உதிரியாகக் கிடந்ததா படிவுக்குள் இருந்ததா என்ற ஒரு சொல். அதே விவரத்தை நோட்டிலும் எழுதுங்கள், ஏனென்றால் கவரில் எழுதியது உரசி அழியும். இடம் தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவே. இடம் தெரிந்த உடைந்த பெலம்னைட்டால் ஆய்வாளருக்குப் பயன் உண்டு. வீட்டில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விடுபவர்களின் சேகரிப்பு ஒரு மாதத்தில் குழம்பிவிடும்.

எதைத் தொடக்கூடாது

சாத்தனூர் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. கடலுக்கு அடித்து வரப்பட்டுப் புதைந்த 18 மீட்டர் மரம் அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் உலகுக்குச் சொன்னது. காரையிலிருந்து திரும்பும் வழியில் அவசியம் பாருங்கள். இயங்கும் சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் மேலாளரின் எழுத்து அனுமதியின்றி இறங்காதீர்கள், அங்கே வெடி வைப்பார்கள். வயல் என்றால் சொந்தக்காரரிடம் கேளுங்கள், தடைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். எலும்போ பல்லோ கண்ணில் பட்டால் அசைக்காமல் படமும் இடமும் எடுத்து நிலவியல் ஆய்வுத் துறைக்கோ, திருச்சி தேசியக் கல்லூரி போன்ற நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ தெரிவியுங்கள். ஆளுக்கு ஒரு வகையில் இரண்டு மூன்று துண்டு போதும், விற்பதற்காக எடுக்கவே கூடாது.

வீட்டில்

களிமண் ஒட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் களிமண் உப்பிப் படிவத்தையே பிளக்கும். நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு உலர் பிரஷால் தட்டி, பிடிவாதமான இடத்தை மூங்கில் குச்சியால் நெம்புங்கள். கல்லங்குறிச்சிச் சிப்பிகளைத் தண்ணீரில் கழுவலாம். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எதுவும் வேண்டாம். சிப்பியே கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் அழுக்கோடு வரிகளும் கரையும்.

உதிரும் துண்டுக்கு பாராலாய்டு பி-72 என்ற பிசின், 5 கிராமை 100 மில்லி அசிட்டோனில் ஓர் இரவு கரைத்து, ஜன்னல் திறந்த அறையில், அடுப்பிலிருந்து விலகி, தூரிகையால் இரண்டு முறை தடவுங்கள். ஈரமான துண்டில் தடவினால் வெள்ளை படரும். ஃபெவிக்விக் வேண்டாம், தவறாக ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. பாராலாய்டு அசிட்டோனில் திரும்பவும் கரையும். காய்ந்ததும் கவரில் எழுதிய எண்ணைப் படிவத்தின் உடைந்த பக்கத்தில் சிறிதாக எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள்.