கலங்கிய குளத்தில் கிடைத்த தீனி

மீன்குஞ்சு வளர்க்கும் பத்து சென்ட் நாற்றங்கால் குளம். களிமண் கலங்கலால் தண்ணீர் தேநீர் நிறத்திலேயே நின்றது. வெளிச்சம் இறங்காததால் பாசியும் பிடிக்கவில்லை. முதல் முறை விட்ட கெண்டைக் குஞ்சுகள் பட்டினியில் போய்விட்டன. தண்ணீர் பச்சையானால்தான் குஞ்சுக்குத் தீனியான மிதவை உயிர்கள் பெருகும் என்று நம்பி யூரியாவைக் கொட்டியது என் முட்டாள்தனம்.

பிறகுதான் புரிந்தது: குஞ்சுகள் விரும்பித் தின்னும் மொய்னா என்ற நுண்ணிய மிதவை உயிர் பாசியை மட்டும் தின்பதில்லை, பாக்டீரியாவையும் வடிகட்டித் தின்னும். அந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேண்டாம், மட்கும் பொருள் போதும். 15 கிலோ கடலைப் பிண்ணாக்கு, 4 கிலோ சாணம், 1 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூன்றையும் இரவு முழுக்க ஊறவைத்து, கூழாகக் கரைத்து வீசினேன். அந்த நாற்றத்துக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

ஐந்தாம் நாள் 50 லிட்டர் தண்ணீரை மிதவை உயிர்களைப் பிடிக்கும் நுண்வலையில் வடித்து, உப்புத் தூவியதும் சோதனைக் குழாயின் அடியில் ஒன்றரை மில்லி படிந்தது. லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் மொய்னா! அதன் பிறகே குஞ்சு விட்டேன்.

ஆனால் பாக்டீரியா ஆக்ஸிஜனையும் குடிக்கும். குஞ்சு விட்ட பின் இரண்டாம் தவணைக் கலவையை ஒரே வீச்சில் போட்ட மறுநாள் விடியலில் குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளந்தன. பம்பை ஓட்டி, தண்ணீரைப் பீய்ச்சித்தான் காப்பாற்றினேன். இப்போது அந்த இரண்டாம் தவணையை மூன்றாகப் பிரித்து, வெயில் நாளில் மட்டும் வீசுகிறேன்.