பூனையின் பல் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் பல் விஷயமாகப் பேச வரும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களிடமும் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்து, பூனைக்குக் கெடுதலாக முடிகிறவை மட்டும் இங்கே.

வாயைப் பிளந்து தேய்ப்பது

பிரஷ் வாங்கிய அன்றே பூனையை மடியில் அமுக்கி வாயைத் திறக்கப் பார்க்கிறார்கள். திறக்கவே தேவையில்லை. வாய் மூடியிருக்கும்போதே மேலுதட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கினால் கன்னப் பக்கத்துப் பற்கள் தெரியும். காறை, அதாவது பல்லில் கல்லாக இறுகும் பழுப்புப் படிவு, அதிகம் படிவது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தில்தான். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

முதலில் சில நாள் கன்னத்தை மட்டும் வருடுங்கள். அப்புறம் உதட்டைத் தூக்கி உடனே விடுங்கள். அப்புறம் பூனைகளுக்கான பேஸ்ட்டை விரலில் தடவி நக்கக் கொடுங்கள். பிரஷ் கடைசியில்தான். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். அது திமிறும் முன் நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

சிவந்த ஈறில் தொடங்குவது

ஈறு சிவந்தோ ரத்தம் கசிந்தோ இருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் பிரஷ். வலிக்கிற வாயில் தேய்த்தால் பிரஷ் என்றாலே வலி என்று பூனை மனதில் பதித்துக்கொள்ளும். பால் பற்கள் விழுந்து முளைக்கும் 3 முதல் 6 மாத வயதிலும் ஈறு நோகும். அப்போது உதட்டைத் தொட்டுப் பழக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்முடைய பேஸ்ட்

கூடாது. பூனைக்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்குள் போகும். கிராம்பு எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் இன்னும் மோசம். அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

காறையைச் சுரண்டி எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்கேலர் என்ற கொக்கி முனைக் கருவி எளிதாக வாங்கக் கிடைக்கிறது. அதை வைத்துப் பழுப்புக் காறையைப் பெயர்த்துவிட்டு, வெளுத்த பல்லைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். சிலர் நகத்தாலேயே பெயர்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற காறையா பிரச்சினை? நோய் இருப்பது ஈறுக்கு அடியில். பல்லின் மேல் பாக்டீரியாப் படலம் தினமும் உருவாகிறது. தேய்க்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாட்களில் கல்லாக இறுகிவிடும். படலம் ஈறுக்குள் இறங்கும்போது, பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் அழியத் தொடங்குகின்றன. விழித்திருக்கும் பூனைக்கு அந்த இடத்தை யாராலும் சுத்தம் செய்ய முடியாது. மேலே மட்டும் சுரண்டுவது, உள்ளே கறையான் அரித்த கதவுக்கு வண்ணம் அடிப்பது மாதிரி.

பூனையின் எனாமல் மிக மெல்லியது, 1 மில்லிமீட்டர்கூட இராது. கருவியின் முனை அதில் கீறல் போடும். மருத்துவர்கள் காறையை எடுத்தபின் பாலிஷ் செய்வதே பல்லை வழவழப்பாக்கத்தான். வீட்டில் அது நடப்பதில்லை, சொரசொரத்த பல்லில் அடுத்த படலம் முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். பூனை ஒருமுறை தலையை உதறினால் ஈறோ நாக்கோ கிழியும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மாதாமாதம் இப்படிச் சுரண்டி வந்தார். பல் பளிச்சென்று இருந்ததால் மருத்துவரிடம் காட்டத் தோன்றவே இல்லை. பூனை தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மெல்ல ஆரம்பித்தது, பிறகு வாயில் எடுத்ததைக் கீழே போட்டது. மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபோது கீழ்த்தாடையில் இரண்டு பற்களின் வேர் கரைந்திருந்தது. பல் கரைவது பூனைகளுக்குப் பரவலாக வரும் நோய். சுரண்டியதால் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைப் பல்லைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இரண்டையும் பிடுங்கினார்கள். அந்தச் செலவு போகட்டும், அத்தனை நாளும் அந்த ஜீவன் வலியோடு தின்றதுதான் எனக்கு ஆறவில்லை. அதன்பின் முகத்தருகே கை போனாலே ஓடியது. பிரஷ் பழக்க வழியே இல்லாமல் போனது.

மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்கள் செய்வதும் இதே சுரண்டல்தான். மயக்கத்துக்குப் பயந்து அவர்களிடம் போகாதீர்கள். மயக்கம் கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பதால் நீரும் பெயர்ந்த காறையும் நுரையீரலுக்குள் போகாமல் இருக்கும். காறை கல்லான பிறகு எடுப்பது மருத்துவர் வேலை. மறுபடி படியாமல் பார்ப்பது நம் வேலை.

வாரம் ஒருமுறை தேய்ப்பது

படலம் அதற்குள் இறுகிவிடும். தினமும் தேய்க்க வேண்டும்.

உலர் தீவனத்தை நம்புவது

சாதாரண உலர் தீவனம் பல் நுனி பட்டதும் நொறுங்கிவிடும், ஈறோரத்தைத் தொடவே தொடாது. மெல்லாமல் விழுங்கும் பூனைகளும் நிறைய. பல்லுக்கென்றே பெரிய உருண்டையாகச் செய்த தீவனங்கள் வேறு வகை. வாங்கும்போது வி.ஓ.எச்.சி. (VOHC) என்ற விலங்குகளின் வாய் நலத்துக்கான அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படலத்தையோ காறையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருட்களுக்குத்தான் அதைத் தருகிறார்கள்.

எலும்பு

வேண்டாம். பல் உடையும்.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறது?"

வலியோடும் சாப்பிடும். வாய் நாற்றம், எச்சில் ஒழுகுவது, வாயருகே காலால் தேய்ப்பது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை தாங்கட்டும் என்று நம் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும்.